ஒரு குழந்தைக்கு வந்த டப்பாக்கள்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து திருவனந்தபுரத்தில் இறங்கும் உணவுப்பொருள் எதுவானாலும், கடைக்குப் போவதற்கு முன் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். பேரீச்சம்பழம், சாக்லேட், ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, பிஸ்தா, பாலாடைக்கட்டி, யார் வாங்கித் தின்கிறார்கள் என்றே எனக்கு விளங்காத நிறங்களில் சாஸ் புட்டிகள். சரக்குக் கிடங்கில் நின்று அட்டைப்பெட்டியைப் பிரிப்பேன். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், லேபிளைப் படிப்பேன், மாதிரி எடுத்து முத்திரை வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவேன். சரியாக இருந்தால் என் கையெழுத்து விழும். இல்லையென்றால் சரக்கு அங்கேயே நிற்கும்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "எக்ஸ்பயரி டேட் பாக்குத வேலைதானே?" ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடிப்பேன். விளக்க ஆரம்பித்தால் பந்தி முடிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரின் பழைய சந்தையான சாலைக் கடைத்தெருவில். அப்பாவுக்கு அங்கே வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கடைக்கு மேல் வீடு. மிளகாய் மூட்டை வந்து இறங்கும் நாளில் தெருவில் உள்ள எல்லோரும் தும்முவோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்து என்று மூன்று பேச்சு எங்களுக்கு. ரசாயனம் படித்துவிட்டுப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். பெண்பிள்ளைக்கு வங்கி வேலை போதாதா என்று அம்மா கொஞ்ச நாள் முணுமுணுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பெரிய பெரிய சரக்குகளை நிறுத்தியிருக்கிறேன். ஒரு முறை பூஞ்சை பிடித்த அத்திப்பழம் அறை நிறைய. இன்னொரு முறை காலாவதி தேதியை அழித்துவிட்டு அதன் மேலேயே புதுத் தேதி அச்சடித்த பிஸ்கட் பெட்டிகள். பத்திரிகையில்கூட வந்தது. ஆனால் இந்த வேலையில் இருப்பதற்காக நான் தலைநிமிர்ந்து நடந்தது அவற்றுக்காக அல்ல. ஒரு மூலையில் வைத்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னதாக வந்த ஒரு சரக்குக்காக. அது முழுவதும் ஒரே ஒரு குழந்தைக்கு வந்தது.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்ட நேரம். சங்குமுகம் பக்கத்திலிருந்து கடல் இரைச்சல் கிடங்கு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று காலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு வியாபாரி என்னைத் தேடி வந்தார். பேரீச்சம்பழமும் உலர்பழங்களும் வரவழைக்கிறவர். திருநெல்வேலிக்காரர். அப்பாவுக்கும் அவருக்கும் பழைய பழக்கம். கடைத்தெருவில் பார்த்தால் என்னை "மக்ளே" என்பார்; கிடங்குக்குள் வந்துவிட்டால் "மேடம்". நான் இரண்டு இடத்திலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"மேடம், இன்னைக்கு வந்திருக்குத சரக்கு வியாபாரத்துக்கு உள்ளது இல்ல, கேட்டீங்களா," என்றார். "ஒரு பிள்ளைக்குள்ள ஆகாரம். நம்ம லைசென்ஸ்ல வரவழைச்சுக் கொடுக்கேன், அவ்வளவுதான்."

விவரம் சொன்னார். கழக்கூட்டம் என்ற புறநகரில் ஒரு பெண். சாப்ட்வேர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். சொந்த ஊர் வித்துரா. தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். கணவன் வளைகுடாவில். அவர்களுடைய மூன்று வயது மகளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதத்தில் உள்ள ஒரு சத்தை அவள் உடம்பால் செரிக்க முடியாது. பால், பருப்பு, முட்டை, மீன் எதைக் கொடுத்தாலும் அது ரத்தத்தில் விஷமாகத் தேங்கி மூளையைக் கெடுக்கும். சோறுகூட ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது. அந்தச் சத்தை மட்டும் நீக்கித் தயாரித்த ஒரு பொடிதான் அவளுக்குச் சோறு, பால் எல்லாம். தண்ணீரில் கலக்கி ஒவ்வொரு வேளையும் கொடுக்க வேண்டும். அந்தப் பொடி இங்கே கிடைக்காது. கணவன் வெளிநாட்டில் சொல்லி அனுப்பி வைக்கிறான். வரவழைக்க உரிமம் வேண்டுமே என்று அவள் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியபோது அண்ணாச்சிதான் சரி என்றிருக்கிறார்.

பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன். வந்ததும் எனக்கு முகம் மாறிவிட்டது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் இருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிச் சப்பிப் போயிருந்தன. வழியில் எங்கோ ஒரு விமான நிலையத்தில் பல நாட்கள் கிடந்திருக்கிறது. நனைந்தது அங்கேயா, வேறு எங்காவதா என்று காகிதங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மேல் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உலர்ந்த மணல் சரிவது போல் சத்தம். நல்லது. அடிப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். மூடிக்குக் கீழே, தகரம் மடிந்து சேரும் விளிம்பில் அடிபட்டு ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தில் துருவின் நிறம். ஆட்டினேன். உள்ளே ஒரு கட்டி இங்கும் அங்கும் முட்டியது.

டப்பாவின் வயிற்றில் அடிபட்டால் பெரும்பாலும் மோசமில்லை. அந்த மடிப்பில் அடிபட்டால்தான் வினை. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அதன் வழியாக ஈரம் போகும். ஈரம் போனால் அதோடு என்னவெல்லாமோ போகும். அதுவும் குழந்தைகளுக்கான பொடியில்.

அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல இருக்கது நல்லாத்தானே இருக்கு மேடம். அதைப் பாத்து எழுதி விட்டுரலாம்லா?"

"அடியில இருக்கதும் அதே குழந்தைக்குத்தானே போகும் அண்ணாச்சி."

நான் கொச்சியிலிருக்கும் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். கடுமையான ஆள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிறவர். சரக்கு முழுவதையும் நிராகரிக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "குஞ்ஞினுள்ள சாதனமல்லே, விட்டேக்கு," என்றார். குழந்தைக்கான பொருள்தானே, விட்டுவிடு. மருத்துவத் தேவை என்று எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

அவர் குரலில் அத்தனை இரக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சரி சார் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லோருக்கும் நல்லவளாகியிருப்பேன்.

"சார், ஊரெல்லாம் தின்கிற பண்டமாக இருந்தால்கூடத் துணிந்து விடலாம். இந்தக் குழந்தைக்கு வேறு சாப்பாடே கிடையாது. ஒவ்வொரு வேளையும் இதையேதான் குடிக்கப் போகிறாள். டப்பா டப்பாவாகப் பார்த்துப் பிரிக்கிறேன். நல்லதற்கும் கெட்டதற்கும் தனித்தனியாக மாதிரி அனுப்புகிறேன். முடிவு வந்த பிறகுதான் விடுவேன்," என்றேன் மலையாளத்தில்.

"அதுவரைக்கும் அது பட்டினி கிடக்கவா?"

"அதற்கும் ஒரு வழி பார்க்கிறேன்."

என்ன வழி என்று எனக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் வெளி வாசலில் காத்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தைக்கு மஞ்சள் நிற மழைக்கோட்டு. தலைமுடி செம்பட்டையாக, மெல்லிசாக இருந்தது. நான் போவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "மேலதிகாரி விடச் சொல்லிட்டாருமா. மேடம்தான் ஒத்துக்கிட மாட்டேங்காங்க." பாவம், என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மனசில் இருந்தது வந்துவிட்டது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க தமிழா மேடம்?"

"ஆமா."

"அப்ப நம்ம பாஷைலயே கேக்கேன். டப்பா கொஞ்சம் ஒடுங்கிப் போனா எந்தா மேடம்? நான் வீட்டுல அரிச்சு, கட்டியக் களைஞ்சு, நல்லத மட்டும் எடுத்துக் கொடுத்துக்கிடுவேன். என் குஞ்ஞுக்கு எதுவும் ஆவாம பாத்துக்கிட எனக்கு அறியாதா?"

"கட்டிய எடுத்துரலாம்மா. அதுல கிருமி இருந்தா அதைக் கண்ணால பாத்து எடுக்க முடியாதே."

"இருந்தாத்தானே! இருக்கா இல்லையான்னு உங்களுக்கே அறியாதல்லே?"

"தெரியாது. அதனாலதான் பாக்கணும்ங்கேன்."

"வீட்டுல இருக்கது இந்த ஆழ்ச்சைக்கே தெகையாது." ஆழ்ச்சை என்றால் மலையாளத்தில் வாரம்; தெகையாது என்றால் போதாது. குழந்தையை இடுப்பில் இன்னும் ஏற்றி வைத்துக்கொண்டாள். "மேடத்துக்குப் பிள்ளை இல்லையா?"

"ஒரு மக இருக்கா."

"அவ பசிச்சு அழுதா, பொறு, ரிசல்ட் வரட்டும்னு சொல்லுவீங்களா?"

அந்த நேரத்தில் குழந்தை கையை நீட்டி என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது. தாய் அந்தக் கையை வெடுக்கென்று பிடித்து விலக்கினாள். அது அடித்ததைவிட வலித்தது.

"உன் மகளுக்கு ஒரு வேளைகூட முடங்காமப் பாக்கேன். எனக்கு ரெண்டு மணி நேரம் கொடு. அவளைப் பாக்குற டாக்டர் நம்பர் தா," என்றேன். அவள் நம்பவில்லை. நம்பரை மட்டும் கொடுத்தாள்.

டாக்டர் ஒரு பெண். நோயாளிகளுக்கு நடுவில் எடுத்தார். நான் யார், என்ன விஷயம் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "விளிம்பில் ஒடுங்கியிருக்கிறதா? விட்டுவிடவில்லையே?" என்றுதான். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உயிர் வந்தது. அன்று காலை முதல் என் பக்கம் நின்று பேசியவர் அவர் ஒருவர்தான். அதே பொடியைக் குடிக்கும் ஒரு பையன் மதுரையில் இருக்கிறான், அவர்களுக்குப் போன வாரம்தான் சரக்கு வந்தது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சிறிது நேரத்தில் அவரே திருப்பிக் கூப்பிட்டார். அந்தப் பையனின் அப்பா இரண்டாவது வார்த்தை கேட்கவில்லையாம். டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டாராம். எப்படி அனுப்புவது என்பதுதான் கேள்வி. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது, ரயில்கள் தாறுமாறாக ஓடின.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். காலையிலிருந்து தொங்கிக் கிடந்த அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"இதுக்கா யோசிக்கீங்க? மதுரையிலேருந்து தெனமும் நம்ம தெருவுக்கு வெங்காய லாரி வருதுல்லா! நாகர்கோவில் வழியா வரும். எந்த மழையும் அவன நிறுத்தாது. வெங்காயம் இல்லாட்டி இந்த ஊருல அடுப்பு எரியுமா?"

போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். பின்னால் மூட்டையோடு போடக்கூடாது, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், நனையக்கூடாது, மேல ஒரு ஆளும் உட்காரக்கூடாது என்று கத்திக் கத்திச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் அவரே லாரி நிற்கும் இடத்துக்குப் போய் வாங்கி, கழக்கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். போகிற வழியில் என்னைக் கூப்பிட்டு, "டப்பா நெளியல மக்ளே, ஆட்டிப் பாத்துட்டேன், மணல் மாதிரிச் சத்தம் வருது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு முன், சரக்கு வந்த அன்றைக்கே பிரிக்கும் வேலை இருந்தது. சுங்கத்தில் அனுமதி வாங்கினேன். கிடங்கின் ஓரத்தில் நீளமாக மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மேலே நல்ல விளக்குப் போடச் சொன்னேன். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு அன்று முறை முடியும் நேரம். நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய தலைவர், வயதில் என்னைவிட மூத்தவர், வந்து, "குஞ்ஞினுள்ளதல்லே மேடம், ஞங்ஙள் நில்க்காம்," என்றார். நாங்கள் நிற்கிறோம் என்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரிசையாக நின்றார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்குகிற கைகள் ஒவ்வொரு டப்பாவையும் முட்டையைப் போல எடுத்து என் முன்னால் வைத்தன.

ஒவ்வொன்றையும் துடைத்தேன். விளிம்பில் விரலை ஓட்டினேன். மூடியை அழுத்திப் பார்த்தேன். காற்று அடைத்து மூடிய டப்பா இறுக்கமாக இருக்கும், காற்றுப் போனது லேசாக உள்ளே அமுங்கும். காதருகில் வைத்து ஆட்டினேன். சந்தேகமில்லாதது வலப்பக்கம். சந்தேகம் உள்ளது இடப்பக்கம். இடையில் ஒன்றும் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு டப்பா விளிம்பில் நகம் படுகிற அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. உள்ளே போயிருக்காதுதான். மதுரையிலிருந்து வருகிறது எத்தனை நாளுக்குக் காணும் என்று நினைத்தேன், அந்தப் பெண்ணின் முகம் வந்தது, கை வலப்பக்கம் போகப் பார்த்தது. இடப்பக்கமே வைத்தேன். வெளியே மழை கூரைத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்ததால் சில டப்பாக்களின் சத்தம் கேட்கவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஆட்டிவிட்டு வந்தேன். முடிந்தபோது என் இரண்டு தோளும் கழன்று விடும் போலிருந்தன. வலப்பக்கக் குவியல் பெரிதாக இருந்ததைப் பார்த்ததும் தொழிலாளர்களில் ஒருவர் கை தட்டினார்.

இரண்டு குவியலிலிருந்தும் மாதிரிகளை எடுத்து முத்திரை வைத்தேன். ஆளிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. நானே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனேன். அங்கே கிருமிப் பரிசோதனை செய்கிறவர், "நாளைக்கு ஆரம்பிச்சாப் போதாதா மேடம்?" என்று வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிருமி வளர்வதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதிகாரம், அவசரம், கண்ணீர் எதற்கும் அது கட்டுப்படாது. அந்த நாட்களில் வீட்டில் சமைத்தேன், மகளைப் பள்ளியில் கொண்டு விட்டேன், மற்ற சரக்குகளைப் பார்த்தேன். மனசின் ஒரு மூலை மட்டும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுகளிலேயே இருந்தது. இரண்டு குவியலும் சுத்தம் என்று முடிவு வந்தால் என்ன செய்வது? அந்தத் தாயை வீணாகப் படுத்தியதாக ஆகுமே என்று யோசித்தேன். ஆகட்டும், அப்படி வந்தாலும் நான் செய்தது சரிதான் என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பில் எனக்கு ஆட்டம் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்திருக்கும். அப்போது இல்லை.

ஒரு மதியம் ஆய்வுக்கூடத்திலிருந்து அவரே கூப்பிட்டார்.

"மேடம், ஒடுங்கின டப்பாவுல வளந்திருக்கு."

"எவ்வளவு?"

"நல்லாவே. கைக்குழந்தை ஆகாரத்துல தலை காட்டவே கூடாத ஜாதி. மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டு போகும்." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "மத்தது அத்தனையும் சுத்தம்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசி வந்தது. கேன்டீனுக்குப் போய்ச் சூடாகப் பழம்பொரியும் சாயாவும் வாங்கி, நின்றபடியே தின்றேன். அதன் பிறகுதான் கொச்சிக்குப் போன் செய்தேன். மேலதிகாரி இந்த முறையும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நன்னாயி," என்றார். நல்லதாயிற்று. அவ்வளவுதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் எல்லா அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு, நான் விடச் சொன்னேன், இவர் விடவில்லை, அதுதான் சரி என்று சொன்னார். என்னை எழுந்து நிற்கச் சொல்லிச் சொன்னார். நோயாளிகளுக்கான உணவு வந்தால் வரிசையில் நிறுத்தாமல் முதலில் எடுக்க வேண்டும், சேதம் இருந்தால் மொத்தமாகத் தள்ளாமல் அங்கேயே பிரிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் அதுதான் நடைமுறை.

டப்பாக்களை வாங்க அந்தப் பெண் தனியாக வந்தாள். அண்ணாச்சி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நல்ல டப்பாக்கள் காய்ந்த புதுப் பெட்டிகளில் அடுக்கித் தயாராக இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"மத்தது எங்க மேடம்? எனக்கு அதைக் காட்டுங்க."

அழிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். மாதிரிக்காகத் திறந்த டப்பா ஒன்று கண்ணாடி மூடிக்குள் இருந்தது. எட்டிப் பார்த்தாள். பொடிக்கு நடுவில் பழுப்பாக ஒரு கட்டி. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தா ஒண்ணுமே தெரியலையே," என்றாள் மெதுவாக. "நான் இந்தக் கட்டிய மட்டும் எடுத்துக் களைஞ்சிருப்பேன். மிச்சத்தக் கலக்கிக் கொடுத்திருப்பேன்."

"ஆமாம்மா. யாரானாலும் அப்படித்தான் செஞ்சிருப்போம்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் பறஞ்சத மனசுல வெக்காதீங்க அக்கா." மேடம் அக்காவாக மாறியதை அவள் கவனித்தாளோ என்னவோ, நான் கவனித்தேன்.

"நீ கேட்டதுல என்ன தப்பு? நான் உன் இடத்துல இருந்தா இன்னும் சத்தம் போட்டிருப்பேன்," என்றேன். உண்மைதான்.

எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, நல்ல டப்பாக்களின் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்து ஆட்டியது. நான் கையெழுத்துப் போட்ட சரக்கு அது. எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பொடி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. கணவனிடம் சொல்லி, பெட்டிகளை மரச்சட்டத்தின் மேல் உயர்த்தி, இரண்டு மடங்கு பிளாஸ்டிக் சுற்றி அனுப்ப வைத்துவிட்டாள். அவளைப் போலவே அலைந்துகொண்டிருந்த வேறு சில குடும்பங்களும், இங்கேயும் எல்லை தாண்டி நாகர்கோவில் பக்கத்திலும் உள்ளவர்கள், அவளோடு சேர்ந்துகொண்டார்கள். இப்போது ஒரே சரக்காக வருகிறது. உரிமம் இன்றைக்கும் அண்ணாச்சியுடையதுதான். அதே அண்ணாச்சியின் பேரீச்சம்பழத்தை ஒரு நோன்பு காலத்துக்கு முன் புழு கண்டு நிறுத்தினேன். வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பினார். சாலைக் கடைத்தெருவில் போய், "சரக்குல குத்தம் இருந்தா அந்த வத்தல் கடைப் பிள்ளை தன் தகப்பன் சரக்கையும் நிறுத்தும்டே, நீங்க ஒழுங்கா வரவழைங்க," என்று மற்ற வியாபாரிகளிடம் சொன்னாராம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தக் கதையை அன்று சாயங்காலத்துக்குள் மூன்று முறை சொன்னார்.

குழந்தை இப்போது கழக்கூட்டத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். மதியம் மற்றப் பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது இவள் தன் தண்ணீர்ப் புட்டியில் பொடியைப் போட்டுத் தானே குலுக்கிக் குடிப்பாளாம். பேச்செல்லாம் மலையாளம். அம்மாவிடம் மட்டும் தமிழ், அதுவும் கோபம் வந்தால்.

சென்ற மாதம் சரக்கு எடுக்கத் தாயோடு அவளும் வந்திருந்தாள். அன்று பெட்டிகள் பொட்டுச் சேதம் இல்லாமல் வந்திருந்தன. பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டியாணோ என்டெ பொடி நோக்குந்நது?"

என் பொடியைப் பார்க்கிறது நீங்கள்தானா என்று கேட்கிறாள். தாய் வெட்கப்பட்டு அவளை இழுத்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. மந்திரி வந்தபோதுகூட அவ்வளவு நேராக நின்றிருக்க மாட்டேன்.

"அதே மோளே," என்றேன், ஆமாம் மகளே என்று. "ஞான் தந்நெ."